எதிர்க்கட்சி வாசல்

அமெரிக்கா கைக்குழந்தையாய்க் கிடந்த காலம். ஆற்றுக்கு அந்தக் கரையில் எதிரிப்படை. வழியில் இருந்த ஊரையெல்லாம் கொளுத்திக்கொண்டே வருகிறதாம். தலைநகரத்தில் ஓட முடிந்தவர்கள் எல்லாம் ஓடியாகிவிட்டது.

சட்டசபை நூலகத்தில் மட்டும் இரண்டு பேர் மிச்சம். ஒருவர் எலையாஸ். ஒருகாலத்தில் பேசியே சபையைக் கிடுகிடுக்க வைத்த அரசியல்வாதி. தேர்தலில் தோற்றபின் நூலகர். மற்றவன் நேதன். அந்தப் பேச்சில் மயங்கி அவருக்கே சீடனாகிவிட்டவன். வயது நாற்பதைத் தாண்டியும் அவரை விட்டு நகராதவன்.

கிடைத்தது ஒற்றை மாட்டுவண்டி. நேதன் ஓடி ஓடிப் புத்தகம் ஏற்றினான்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். நூலகத்துக்குள் நுழையக்கூட இரண்டு கட்சிக்கும் இரண்டு வாசல். ஒருவர் வாசலை மற்றவர் மிதிக்கமாட்டார். புத்தகமும் அப்படித்தான், அவரவர் வாசலை ஒட்டி அவரவர் அலமாரி.

காற்றில் கரி வாடை வந்தது. எங்கோ பீரங்கி முழங்கியது.

"வண்டி நெறஞ்சிடுச்சுங்கய்யா! கெளம்பிடலாம்!"

எலையாஸ் வந்து பார்த்தார். "எல்லாம் நம்ம வாசப் பக்கத்துதா?"

"ஆமாங்க. உங்க பேச்சு ஒண்ணு விடல."

"பாதிய எறக்கு."

நேதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குள் பெரியவர் தன் பேச்சுத் தொகுப்பையே முதலில் உருவி மண்ணில் போட்டார். எதிர்க்கட்சி வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், கை கொள்ளாமல் அள்ளி வந்தார்.

"ஐயா, இது டோபியாஸ் எழுதுனது! உங்களத் திருடன்னு சொல்லித் தோக்கடிச்சவன்!"

"நல்லாத்தான் எழுதுவான், படுபாவி. புடி, கனக்குது."

"பாலத்துக்கு வந்துட்டாங்கய்யா!" நேதன் அழுதேவிட்டான். அழுதுகொண்டே அவனும் அள்ளினான். ஆனால் அந்த வாசலை மிதிக்க மட்டும் கால் வரவில்லை. சாவு ஆற்றைத் தாண்டி வருகிறது, அப்போதும் தங்கள் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் ஓடினான்.

வண்டி மேட்டில் ஏறும்போது திரும்பிப் பார்த்தார்கள். நூலகத்துக் கூரை எரிந்துகொண்டிருந்தது.

எலையாஸின் கை வெடவெடவென்று நடுங்கியது.

"உங்களுக்குமா பயம்?"

"ரொம்ப."

"அப்புறம் எதுக்குய்யா அந்த ஆளு புத்தகத்துக்கு உசுர விடப் பாத்தீங்க?"

பெரியவர் தீயையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"திரும்பி வருவோம். புதுசாக் கட்டுவோம். நான் மறுபடியும் ஏறிப் பேசுவேன். அப்ப நம்ம புத்தகம் மட்டும் மிஞ்சியிருந்தா, 'எலையாஸ், நீ சொல்றது பொய்'னு எங்கிட்ட யாருடா சொல்லுவா? அத நெனச்சாத்தான் கை நிக்கமாட்டேங்குது."