பிரிக்காத பெட்டி

“உங்ககிட்ட ஏனுங்க மிஸ் ஓடற நெலமையில ஒரு கம்ப்யூட்டர்கூட இல்ல?” என்று கோவர்த்தனன் கேட்டார்.

ஜுலேகா மிஸ்ஸின் மேசையில் மூடி கழற்றிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று குடல் தெரியக் கிடந்தது. தரையில் இன்னும் சில. எல்லாமே செத்தவை.

“நேத்து வரைக்கும் ஒண்ணு இருந்துச்சுங்ணா.”

“என்னாச்சுங்க?”

“ரிப்பேர் முடிஞ்சுது. வேணும்னவங்களுக்குக் குடுத்துட்டேன்.”

கோவர்த்தனன் சிரித்தார். மிஸ் சிரிக்கவில்லை. மறுபடி குனிந்து வேலையைப் பார்த்தார்.

கோவர்த்தனன் பம்புசெட் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு பழைய கம்ப்யூட்டர்கள் மேல் பைத்தியம் பிடித்தது. கோயமுத்தூரில் அந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தால் ஜுலேகா மிஸ்ஸிடம்தான் போவார்கள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லித் தருபவர். வயதில் கோவர்த்தனனுக்கு மகள் மாதிரி. ஆனாலும் அவருக்கும் மிஸ்தான்.

கோவர்த்தனன் வீட்டு ஹாலில் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. உள்ளே துடைத்துப் பளபளவென்று வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். வருகிறவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். தொட விடமாட்டார்.

எல்லாவற்றிலும் உசத்தியான ஒன்று அந்த அலமாரியில் இல்லை. படுக்கையறை பீரோவில், பட்டு வேட்டிக்கு அடியில் இருந்தது. ஒரு பேச்சு கார்டு. கம்ப்யூட்டருக்குத் தானாகப் பேசத் தெரியாத காலத்தில், கண் தெரியாதவர்களுக்காகச் செய்தது. உள்ளே செருகினால் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும். இப்போது உலகத்தில் யாரும் அதைச் செய்வதில்லை.

கோவர்த்தனனிடம் இருந்தது கம்பெனி சீல்கூட உடைக்காத பெட்டி. யாரிடமும் காட்டியதில்லை. காட்டினால் கேட்டுவிடுவார்கள்.

ஒருநாள் மிஸ் போன் செய்தார்.

“கணபதி ஏரியாவுல ஒரு அம்மா வீட்டுக்குப் போகணுங்ணா. மெஷின் பேச மாட்டேங்குதாம். கூட வர்றீங்களா?”

அந்த அம்மாவின் பெயர் சுலோச்சனா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். நாற்பது வயதுக்கு மேல் ஒரு காய்ச்சலில் பார்வை போய்விட்டது. பிரெயில் படித்துப் பார்த்திருக்கிறார். அந்த வயதில் விரல் பழகவில்லை. வெளிநாட்டில் இருந்த அண்ணன் பேசுகிற கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். அன்றிலிருந்து அதுதான் அவருக்குப் படிப்பும் எழுத்தும்.

அண்ணன் மகள் ஹேமா கதவைத் திறந்தாள்.

“யாரு, மிஸ்ஸா? கூட யாரு? செருப்பு சத்தம் ரெண்டு கேக்குதே,” என்றார் சுலோச்சனா.

“கோவர்த்தனன்ங்கம்மா.”

“சத்தமாப் பேசுங்க தம்பி. காதும் வரவரக் கம்மியாகிட்டே வருது.”

மிஸ் கம்ப்யூட்டரைத் திறந்தார். முதலில் ஸ்பீக்கரை மாற்றினார். பேசவில்லை. பழைய ஸ்பீக்கரையே திரும்ப வைத்துவிட்டு ஒயரை மாற்றினார். பேசவில்லை. ஒயரையும் திரும்ப வைத்தார். கோவர்த்தனனுக்குப் பொறுமை போனது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிட்டால் என்ன என்று தோன்றியது. கேட்கவில்லை.

சுலோச்சனா பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

“எக்ஸ்சேஞ்சுல கேட்ட குரலையெல்லாம் எழுதிட்டிருக்கேன் தம்பி. மூஞ்சி எதுவும் தெரியாது, குரல் மட்டும்தான. ராத்திரியில அழுதுட்டே லைன் கேப்பாங்க. சாவு சேதியும் தந்தி மாதிரி என் வாயாலதான் போகும். அவ்வளவு குரலும் எனக்குள்ள இருக்குது. நான் போறதுக்குள்ள இறக்கி வச்சிரணும்.”

“என்ன பாஷையிலங்கம்மா எழுதறீங்க?”

“தமிழ்தான். இங்கிலீஷ் எழுத்துல தட்டுவேன். அது வெள்ளைக்காரன் மாதிரி படிக்கும். ‘அம்மா’ன்னு அடிச்சா ‘ஏமா’ங்கும். பழகிருச்சு.”

“இப்ப போன்லயே நல்லாப் பேசுதுங்களே,” என்றார் கோவர்த்தனன்.

“ஹேமா போட்டுக் காட்டினா. அது தேன் மாதிரி ஒழுகுது. எங்க ஒரு சொல்லு முடியுது, எங்க ஆரம்பிக்குதுன்னே என் காதுக்குப் பிடிபடல. இது கல்லு மாதிரி. ஒவ்வொண்ணா விழும். டாக்டர் சொல்லிட்டாரு, இருக்கற காது கொஞ்ச நாளைக்குத்தானாம். அது வரைக்கும் எனக்கு இந்தக் கல்லு போதும்.”

மிஸ் ஒரு பச்சைக் கார்டை வெளியே இழுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நடுவிலிருந்த சிப்பின் மேல் மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

“பேச்சு கார்டு போயிருச்சுங்கம்மா. இத ரிப்பேர் பண்ண முடியாது.”



மிஸ் கோவர்த்தனனைப் பார்த்தார். “அண்ணா, நம்ம ஆளுங்க யார்கிட்டயாச்சும் இது இருக்குங்களா?”

கோவர்த்தனன் தொண்டையைச் செருமினார்.

“விசாரிக்கறேனுங்க.”

“தம்பி விசாரிக்கறேன்னு சொன்னாரா?” என்று சுலோச்சனா கேட்டார். கிடைத்தே விட்ட மாதிரி முகம் மலர்ந்தது. “ஹேமா, காப்பி போடு. எனக்குப் போடற மாதிரி தண்ணியாப் போட்டுராத.”

வீட்டுக்கு வந்ததும் கோவர்த்தனன் பீரோவைத் திறந்தார். பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சீல் மேல் விரலை ஓட்டினார். உடைத்துவிட்டால் அது வெறும் கார்டு. உடைக்காதவரைக்கும் இந்த மாதிரி இன்னொன்று இல்லை.

பெட்டி பிரித்த கார்டு ஒன்றைத் தேடிக் கொடுத்துவிடலாம், அந்த அம்மாவுக்கு எதுவாயிருந்தால் என்ன என்று நினைத்தார். பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார்.

தேடாமலும் இல்லை. ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா என்று எங்கெங்கோ இருந்த ஆட்களுக்கெல்லாம் எழுதினார். இவ்வளவு பாடு தன் மெஷினுக்குக்கூடப் பட்டதில்லை. அதை நினைக்கும்போது மனசுக்கு ஒரு திருப்திகூட வந்தது.

சுலோச்சனா அவ்வப்போது போன் செய்வார்.

“கெடச்சுதுங்களா தம்பி?”

“வந்துட்டே இருக்குதுங்கம்மா.”

அடுத்த தடவை அதையே கோவர்த்தனன் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அதற்கடுத்த தடவை கத்த வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு தடவை எவ்வளவு கத்தியும், “என்னங்க? என்னங்க?” என்று மட்டுமே கேட்டது. பின்னாலிருந்து ஹேமா, “வெச்சிருங்க அத்தை, நான் பேசிக்கறேன்,” என்றாள். ஆனால் பேசவில்லை.

அப்புறம் போனே வரவில்லை. கோவர்த்தனனுக்கு அது நிம்மதியாக இருந்தது.

ஜெர்மனியிலிருந்து பார்சல் வந்தது. கார்டைச் செருகிப் பார்த்தார். ஊமை. மிஸ்ஸுக்குச் சொன்னார். மிஸ் வீட்டுக்கே வந்தார். ஹால் சோபாவில் உட்கார்ந்து கார்டைச் சோதித்துக்கொண்டிருக்கும்போது கோவர்த்தனனின் மனைவி சரோஜினி காப்பி கொண்டுவந்து வைத்தார்.

“இதே மாதிரி ஒண்ணு பீரோவுல இருக்குதுங்களே,” என்றார் வெள்ளந்தியாக. “வேட்டி எடுக்கறப்ப பாத்தேன். பெட்டி மேல இதே படம்தான் போட்டிருக்குது. இருங்க.”

கோவர்த்தனன் வாயைத் திறப்பதற்குள் எடுத்துவந்துவிட்டார்.

மிஸ் பெட்டியை வாங்கினார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். சீலைப் பார்த்தார்.

கோவர்த்தனன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஸ் தன் துப்பட்டாவின் ஓரத்தால் பெட்டி மேலிருந்த விரல் ரேகையைத் துடைத்தார். இரண்டு கையாலும் சரோஜினியிடம் திருப்பிக் கொடுத்தார்.

“எங்க இருந்துச்சோ அங்கயே பத்திரமா வச்சிருங்கக்கா.”

காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார். நல்லா இருந்துச்சு என்று சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கோவர்த்தனன் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு மிஸ் வீட்டு வாசலில் போய் நின்றார். சீல் உடைந்திருந்தது. மிஸ் ஒன்றும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு கூட நடந்தார்.

கணபதியில் ஹேமா கதவைத் திறந்தாள். பெட்டியைப் பார்த்தாள். அவள் முகம் மாறவில்லை.

“இப்பக் கொண்டு வந்திருக்கீங்களே,” என்றாள்.

“அம்மா எங்கங்க?”

“உள்ளதான் இருக்காங்க. சுத்தமா கேக்கறதில்ல இப்ப. காது மெஷின் போட்டும் பிரயோஜனமில்ல. எதாச்சும் சொல்லணும்னா உள்ளங்கையில விரலால எழுதிக் காட்டறேன்.”

சுலோச்சனா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். கீபோர்டு சத்தம் சீராக, வேகமாக விழுந்துகொண்டிருந்தது.

“எழுதறத விடலீங்க. தெனமும் தட்டறாங்க,” என்றாள் ஹேமா.

அந்த மெஷினுக்குத் திரையே கிடையாது. மிஸ் பையிலிருந்த சின்ன மானிட்டரை மாட்டினார். திரையில் வெளிச்சம் வந்தது. கோவர்த்தனன் குனிந்து படித்தார். புரியவில்லை. மறுபடி படித்தார். எழுத்தும் புள்ளியும் கமாவும் கலந்து பக்கம் முழுக்க வெறும் கசகசப்பு. அடுத்த பக்கமும் அப்படியே. அதற்கடுத்ததும்.

கீபோர்டைப் பார்த்தார். விரல் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் சிறு மேடு F, J கீ இரண்டிலும் தேய்ந்து மழுங்கியிருந்தது. சுலோச்சனாவின் விரல்கள் ஒரு கீ வலப்பக்கம் தள்ளி நின்றிருந்தன. ஒரு தப்பும் இல்லாமல், வேகமாக, எல்லாமே ஒரு கீ தள்ளி.

முதல் எழுத்திலேயே அந்தக் கல் குரல் தப்பைச் சொல்லியிருக்கும்.

கோவர்த்தனன் பக்கங்களைச் சேமித்து, மெஷினை அணைத்து, கார்டைச் செருகினார். மறுபடி சுவிட்சைப் போட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தார். மெஷின் பேசியது. அத்தனை வருஷம் பெட்டிக்குள் கிடந்த குரல், திரையிலிருந்த கசகசப்பை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தது. மூன்று பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

“யாரோ வந்திருக்கீங்க,” என்றார் சுலோச்சனா, அளவு தெரியாத உரத்த குரலில். “மேசை ஆடுது.”

ஹேமா அவர் உள்ளங்கையில் எழுதினாள்.

“கார்டு கெடச்சிருச்சா? தம்பியா கொண்டு வந்தாரு?” கையைக் காற்றில் நீட்டினார். “எங்க இருந்துச்சுங்க தம்பி?”

கோவர்த்தனன் மிஸ்ஸைப் பார்த்தார். “என்னங்க மிஸ் எழுதட்டும்?”

“சின்னக் கைதானுங்ணா. ரொம்ப எழுத எடமில்ல.”

கோவர்த்தனன் அந்தச் சுருங்கிய கையைப் பிடித்து, ‘என் வீட்டில்’ என்று எழுதினார்.

“எப்ப இருந்து?”

‘முதலிலிருந்தே.’

சுலோச்சனா கையை இழுத்துக்கொண்டார். உள்ளங்கையைச் சேலையில் துடைத்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு கோவர்த்தனன் தினமும் கணபதிக்குப் போனார். கெட்ட பக்கங்களை ஒவ்வொரு எழுத்தாக ஒரு கீ இடப்பக்கம் தள்ளி மாற்றி எழுதினார். ‘சாமிநாதன் டாக்டர் குரலில் எப்போதும் பசி இருக்கும்’ என்று ஒரு வரி வந்தது. ‘பெயர் சொல்லாத பெண் மறுபடி கூப்பிடவில்லை’ என்று ஒரு வரி வந்தது. சில இடங்களில் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வருவார். மழுங்கிய கீ இரண்டிலும் சொட்டுப் பசை வைத்து மேடாக்கினார். சுலோச்சனா அவர் இருப்பதே தெரியாத மாதிரி இருந்தார். தெரிந்தும் இருக்கலாம்.

வேலை முடிந்த அன்று மிஸ்ஸிடம் போனார்.

“எல்லாப் பக்கமும் சரி பண்ணிட்டேனுங்க. அவங்களுக்குப் படிச்சுக் காட்டறது எப்படிங்க மிஸ்? கண்ணும் இல்ல, காதும் இல்ல.”

மிஸ் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். தன் உள்ளங்கையை அவர் முன்னால் விரித்தார்.

“அத்தனை பக்கமுங்களா?”

மிஸ் கையை மடக்கவில்லை.

“அவங்கதான் கைய இழுத்துக்கிட்டாங்களேங்க.”

“இழுத்துக்கட்டும்ங்ணா. நீங்க போய் உக்காருங்க.”

போய் உட்கார்ந்தார். சுலோச்சனாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில். அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் இல்லை. ஹேமா காப்பி கொண்டுவந்து வைப்பாள், ஆறியதும் எடுத்துக்கொண்டு போவாள்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் சுலோச்சனா, சுவர்ப்பக்கம் பார்த்தபடியே, இடது கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

கோவர்த்தனன் முதல் வரியை எழுதினார். அவசரத்தில் எழுத்து மேல் எழுத்து விழுந்தது.

“ஒண்ணுமே புரியல,” என்றார் சுலோச்சனா தெரு வரைக்கும் கேட்கும்படி. “அழிச்சிட்டு மறுபடி எழுதுங்க.”