திறந்தபடி வந்த லேப்டாப்

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

பாளையங்கோட்டையில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த எஸ்தர்தான் குரு. சீடர் கோமதிநாயகம் இருபது வருஷம் ஊர் ஊராகப் போய் மிக்ஸி விற்றவர். கம்பெனி கையை விரித்த பிறகு, தொழில் கற்றுக்கொள்ள அவளிடம் வந்து சேர்ந்தார். கை இன்னும் படியவில்லை. வாய்தான் எப்போதோ படிந்துவிட்டது.

அன்று காலை ஒரு பெண் கடைப்படி ஏறி வந்தாள். இரண்டு கையிலும் ஒரு லேப்டாப்பை ஏந்தியிருந்தாள். அது மூடாமல் விரியத் திறந்திருந்தது. திரைமேல் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தாள்.

கோமதிநாயகத்துக்கு ஆளைத் தெரிந்தது. சண்முகவடிவு. வக்கீல்களுக்கு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுப்பவள். ஒரு மாதத்துக்கு முன் அவளுடைய உடைந்த திரையை மாற்றிக் கொடுத்தது அவர்தான்.

"இப்படித் திறந்தபடியேவா கொண்டு வந்தீங்க?" என்றாள் எஸ்தர்.

"ஆமா மேடம். சுத்தமல்லியில இருந்து பஸ்ல மடியிலயே வச்சிக்கிட்டு வந்தேன். நான் ஓங்கி மூடுததாலதான் கோடு கோடா வருதுன்னு போன தடவை அண்ணாச்சி சொன்னாங்கல்லா? அதுல இருந்து மூடவே இல்ல. பன்னிரண்டு நாளா திறந்தேதான் கெடக்கு. அப்படியும் இன்னைக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்கு."

பிறகு அவள் கோமதிநாயகத்தைப் பார்த்தாள்.

"நான் வேற எதுவும் தப்பு பண்ணிட்டேனா அண்ணாச்சி?"

"பாப்போம்மா" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்.

பன்னிரண்டு நாளைக்கு முன், அந்தப் போன தடவை, எஸ்தர் சாமான் வாங்க வெளியே போயிருந்தாள். சண்முகவடிவு கணவனோடு வந்திருந்தாள். திரையைப் பின்னால் சாய்த்தால் கோடு விழுந்தது. நிமிர்த்தினால் மறைந்தது. தன் வேலையில்தான் கோளாறோ என்று அப்போதே கோமதிநாயகத்துக்குச் சந்தேகம் தட்டியது. கழற்றிப் பார்த்திருக்கலாம். ஆனால் கணவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "திரை மாத்தி மூணு வாரம் ஆகல, என்ன வேலை பாத்தீரு?" என்று சத்தம் போட்டான். வாய் முந்திக்கொண்டது. "வீட்ல ஓங்கி மூடுதாங்க போல" என்றார். கணவன் அப்படியே மனைவி பக்கம் திரும்பிவிட்டான். கடை என்றும் பாராமல் அவளைத் திட்டித் தீர்த்தான். அவ்வளவு நேரமும் கோமதிநாயகம் துணியை வைத்துத் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது மேசையில் வைத்து, திரையைச் சுற்றியிருந்த சட்டத்தைக் கழற்றினார்.

திரைக்குப் போகும் வயரை ஓரத்துப் பள்ளத்தில் படுக்க வைத்துத்தான் மூட வேண்டும். அது மூடித் திறக்கும் கீலுக்கு மேலே கிடந்தது. அசையும்போதெல்லாம் கீல் அதைக் கடித்திருக்கிறது. தோல் பிய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. திரை மாற்றினால் இருபத்தைந்து தடவை மூடித் திறந்து பார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்பது எஸ்தரின் கடைச் சட்டம். திரை மாற்றிய அன்று அவர் இரண்டோடு நிறுத்திக்கொண்டிருந்தார்.

எஸ்தர் பின்னால் நின்று பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

புது வயர் போட்டார். பள்ளத்தில் படுக்க வைத்தார். இருபத்தைந்து தடவை மூடித் திறந்தார். திரை பளிச்சென்று நின்றது. வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த சண்முகவடிவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மேடம், வேலை முடிஞ்சிட்டு. இனி அந்தப் பழைய கதையைக் கிண்டணுமா?"

எஸ்தர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தாள்.

"சரியாயிட்டு. மூடி எடுத்துட்டுப் போங்க."

சண்முகவடிவு திரையின் விளிம்பு வரை கையைக் கொண்டு போனாள். எடுத்துவிட்டாள். உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி கொண்டு போனாள்.

"வேண்டாம் மேடம். நீங்களே மூடிக் குடுங்க. என் கை பட்டா எதுவும் உருப்படாதுன்னு வீட்ல சொல்லுதாங்க."

எஸ்தர் திரும்பிப் பார்த்தாள்.

"வேலை முடிஞ்சிட்டுன்னு சொன்னீங்களே, அண்ணாச்சி."

கோமதிநாயகம் எழுந்து வந்தார். இருபது வருஷம் பேசியே பிழைத்தவருக்கு ஒரு வாக்கியம் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"உங்க கை ஒண்ணும் பண்ணலம்மா. வயரைத் தப்பா வச்சு மூடுனது நான். போன தடவையே எனக்குச் சந்தேகம்தான். தெரிஞ்சேதான் உங்க மேல போட்டேன்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"வீட்ல ஒரு டம்ளர் கீழ விழுந்தாலும் இதைத்தான் சொல்லிக் காட்டுதாங்க அண்ணாச்சி. இப்ப நான் போயி, தப்பு என் மேல இல்லன்னு சொன்னா யாரு நம்புவா?"

அவர் அவசரமாகச் சட்டைப்பையில் செல்போனைத் தேடி எடுத்தார்.

"நம்பரைக் குடுங்கம்மா. உங்க வீட்டுக்காரருக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லிருதேன்."

எஸ்தர் அந்தப் போனை அவர் கையிலிருந்து வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"அன்னைக்கு அவர்கிட்ட போன்லயா சொன்னீங்க, அண்ணாச்சி?"