சொட்டு மருந்தா, உரை மருந்தா

வேலாயுதம் முப்பது வருடம் மருந்துக்கடை நடத்தியவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கும் மங்கையர்க்கரசியிடம் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபது. ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டார்.

அவருக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவே இல்லை.

“வயித்து உப்புசத்துல பிள்ளை அழுதா, கடையில வயித்துக்கு நல்லது செய்யுற கிருமி போட்ட சொட்டு மருந்து இருக்கு. நம்மகிட்ட கல்லுல உரைச்சுக் குடுக்குற உரை மருந்து இருக்கு. ரெண்டுல எதும்மா கேக்கும்?”

“பொறுங்க அண்ணாச்சி,” என்பாள் அவள். நாலு மாதமாக இதே பதில்தான்.

அன்று சாரலில் மலையே காணாமல் போயிருந்தது. வாசல் பலாமரம்கூடப் பாதிதான் தெரிந்தது. அந்த வெண்மைக்குள்ளிருந்து முதலில் ஓர் அழுகை வந்தது, பிறகு கீழத்தெரு முப்பிடாதி வந்தாள். கையில் நாற்பது நாள் பிள்ளை. முகம் சிவக்க, கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டது.

“மூணு வாரமா பொழுது சாஞ்சா இதே கூத்துதான் அக்கா. ஆஸ்பத்திரியில ஒண்ணுமில்ல, தானா சரியாயிரும்ங்காங்க. சொட்டு மருந்து குடுத்தாச்சு. ஓமத்தண்ணியும் குடுத்தாச்சு. நேத்து...” பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். “நேத்து இவனைத் தூக்கி எறியப் போயிட்டேன் அக்கா. இன்னைக்கு எறிஞ்சிருவேன்.”

வேலாயுதம் எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

மங்கையர்க்கரசி பிள்ளையை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. பால் நன்றாகக் குடிக்கிறான், எடையும் ஏறியிருக்கிறது.

“மருந்து உரைக்கணும். நேரமாகும். உள்ள போய்ப் படு.”

“எனக்கு உறக்கம் வராதுக்கா.”

“உறங்கச் சொன்னேனா? சும்மா படு. மருந்து ஆனதும் கூப்பிடுதேன்.”

பிள்ளை வேலாயுதத்தின் தோளுக்கு வந்தது. “நீங்க நடங்க அண்ணாச்சி. நிக்கப்படாது.”

அவர் தாழ்வாரத்தில் நடந்தார். உரைகல் சர் சர்ரென்று சத்தமிட்டது. சாரல் புகையாக உள்ளே வந்து தூண்களை மூடியது. எத்தனை தடவை திரும்பினோம், எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது. தன் மூன்று பிள்ளைகளில் ஒன்றைக்கூட இப்படித் தோளில் போட்டு நடந்ததில்லை என்று நினைத்துக்கொண்டார். அப்போதெல்லாம் கடை இருந்தது. வெட்கமாக இருந்தது, பிள்ளையின் சூடு சுகமாகவும் இருந்தது.

அழுகை விசும்பலானது. விசும்பல் விக்கலானது. பிறகு பிள்ளை அவர் கழுத்தில் எச்சில் வழியத் தூங்கிப்போனது. உள்ளேயிருந்து முப்பிடாதியின் குறட்டை கேட்டது.

உரைகல் மட்டும் நிற்கவில்லை. வேலாயுதம் மெல்லக் கிட்டே போய் எட்டிப் பார்த்தார். மருந்துச் சரக்கெல்லாம் பெட்டியில் அப்படியே இருந்தது. மங்கையர்க்கரசி ஒரு கூழாங்கல்லைப் பிடித்து, வெறும் தண்ணீரில் உரைத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனி கன்றிச் சிவந்திருந்தது.

“என்னம்மா இது, கல்லுல ஒண்ணுமே இல்லையே! பிள்ளைக்கு என்ன குடுக்கப் போறீங்க?”

“ஒண்ணும் இல்ல.”

“அவன்தான் உறங்கிட்டானே. பின்ன எதுக்கு உரைக்கீங்க?”

அவள் கையை நிறுத்தாமல் சொன்னாள்.

“சத்தம் நின்னா அவ எந்திரிச்சிருவா அண்ணாச்சி.”