ஒரு கூட்டில் இரண்டு பின்னல்

குளக்கரை ஈச்ச மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டும். பெண் குருவி வந்து பார்த்து, பிடித்தால்தான் மீதியைக் கட்டும். அங்கே அதுதான் வழக்கம்.

அந்த மரத்தில் மூக்கையன் என்றொரு குருவி. கரும்புத் தோகையைக் கிழித்துத்தான் கூடு கட்டும். நெல் தாளெல்லாம் அதற்குக் கேவலம்! கட்டும்போதும் கண் அடுத்த கூடுகள்மேல்தான் இருக்கும்.

ஒருநாள் மூக்கையன் அலறியது. “எவனோ எங்கூட்டுல நார் உருவுறான்! தெனமும் நாலஞ்சு காணாமப் போவுது!”

அதன் சந்தேகக் கண் அரும்பன்மேல் விழுந்தது. அரும்பனுக்கு அந்த வருஷம்தான் கூடு கட்டும் வயதைக் காட்டும் முதல் மஞ்சள் தலையில் வந்திருந்தது. பார்க்க வந்த மூன்று பெண் குருவிகளையும் திருப்பி அனுப்பிவிட்டது. ஆனாலும் அதன் கூடு பாதியைத் தாண்டி வளர்ந்துகொண்டே போனது.

“பொண்ணு வராம கூடு எப்படி வளருது? அந்தக் கதிரன் பய எதுக்கு எந்நேரமும் அங்கேயே கிடக்கான்?” என்று மூக்கையன் கிளைகிளையாகப் போய்ச் சொன்னது. கதிரனும் அரும்பன் வயதுக் குருவிதான். தனக்கென்று ஒரு கூடுகூட அது தொடங்கவில்லை.

இரண்டும் சிரித்தாலும் குற்றம், சும்மா இருந்தாலும் குற்றம் என்றானது. மரமே அவற்றை வேவு பார்த்தது. நார் திருடினால் கூட்டைப் பிரித்து, திருடனை மரத்தைவிட்டுத் துரத்திவிடுவது அங்கே சட்டம்!

நாலாம் நாள் குருவிகள் கூடின. மூக்கையன் அரும்பன் கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தது.

“வலப்பக்கம் ஒரு பின்னல், இடப்பக்கம் வேற பின்னல்! இது ரெண்டு அலகு செஞ்ச வேலை! கதிரன் திருடுறான், இவன் ஒளிக்கிறான்!”

கதிரன் முன்னால் வந்தது. “நான்தான் திருடினேன் மாமா. அரும்பனுக்கு ஒண்ணும் தெரியாது. என்னைத் துரத்துங்க.”

அரும்பன் கதிரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. வாயை மூடிக்கொண்டால் கூடு தப்பும், கதிரன் போய்விடும். கதிரன் இல்லாமல் அந்தக் கூடு எதற்கு?

“பொய்! அவன் எதையும் திருடல! இது எங்க ரெண்டு பேரு கூடு. எனக்கு அவனைத்தான் பிடிச்சிருக்கு!”

அரும்பன் திருப்பி அனுப்பிய செல்லி என்ற பெண் குருவிதான் முதலில் பேசியது.

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல! நான் ரெண்டு நாளா அழுதேன்!” என்றது. பிறகு கூட்டைச் சுற்றிப் பறந்து பார்த்தது. “மூக்கையன் மாமா, இதுல எல்லாமே நெல் தாளு. உங்க கரும்புத் தோகை எங்க? அதோ, கீழ பாருங்க!”

மூக்கையன் கூட்டுக்கு நேர் கீழே, குளத்துத் தண்ணீரில் கரும்புத் தோகை நார்கள் மிதந்தன. மற்றவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்த அவசரத்தில் அது பல நார்களுக்கு முடிச்சே போட்டிருக்கவில்லை! எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒன்று அவிழ்ந்து விழுந்தது.

சில குருவிகள் அதன் பிறகும் முணுமுணுக்கத்தான் செய்தன. அரும்பனும் கதிரனும் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கூட்டின் வாசலைப் பின்னத் தொடங்கின. செல்லி ஒரு நெல் தாளைக் கொண்டுவந்து கொடுத்தது.

அடுத்தவர் அன்பைக் களவென்று சந்தேகித்து வேவு பார்ப்பவர், தம் கூடு அவிழ்வதைக் கவனிக்காமல் போவார்.