முறுக்கு கடித்த ஆய்வாளர்

பஸ் நிலையத்துக்கான மின் எண் பலகையைச் சோதிக்கத் தொழிற்கூடத்துக்கு வந்த ஆய்வாளர் வேதமாணிக்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் தாளில் "நேரில் கண்டேன்" என்று எழுதிவிடுவார். அப்புறம் பிரம்மாவே வந்தாலும் மாற்றமாட்டார்.

"நாலு எண்ணும் ஒண்ணா எரியுது, நேரில் கண்டேன்" என்று எழுதினார். பலகையின் முதுகைத் திருப்பினார். "அப்புறம் எதுக்கு எண்ணுக்கு ஒண்ணா இந்த நாலு டிரான்சிஸ்டர் சுவிட்ச்? தண்டம்! பிடுங்கு, இல்லேன்னா பலகையே வேண்டாம்."

பலகைக்கு ஈயம் உருக்கி சால்டர் வைக்கும் செங்கமலம் எழுந்தாள். "சார், எந்நேரமும் ஒரே ஒரு எண்தான் எரியுது. அந்த நாலும்தான் ஒவ்வொண்ணா, படுவேகமா மாத்தி எரிய வைக்குது."

"அப்போ என் கண்ணு பொய் சொல்லுதா? பலகையைத் தொடாம நிரூபி. முடியலேன்னா பலகையோட நீயும் வீட்டுக்குப் போ!"

அவள் டிபன் டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கை நீட்டினாள். "நாலடி தள்ளி நின்னு, பலகையைப் பார்த்துக்கிட்டே கடிங்க சார்."

கடித்தார். எண்கள் ஆளுக்கொரு பக்கம் குதித்தன! மெல்லுவதை நிறுத்தினார், அவையும் நின்றன. மறுபடி கடித்தார், மறுபடி குதித்தன.

"கடிக்கும்போது ஆடுறது உங்க தலை சார். ஒவ்வொரு எண்ணும் எரியற நேரத்துல தலை வேற வேற இடத்துல இருக்கு, அதான் தனித்தனியா குதிக்குது. நாலும் ஒண்ணா எரிஞ்சா ஒண்ணாவே ஆடியிருக்கும்."

எழுதியதை அடிக்கப் போனார்.

"அடிக்காதீங்க சார்" என்றாள் செங்கமலம். "'நேரில் கண்டேன்'னு இருக்கே, அதுக்கு முன்னால 'மெல்லாமல்'னு மட்டும் சேர்த்துக்குங்க."