பிழையில்லாத அறிவிப்பு

குளக்கரையில் மைனா டீச்சர் ஒரு பள்ளிக்கூடம் நடத்திவந்தாள். மான் குட்டி, முயல் குட்டிகள், பன்றிக் குட்டி, ஆமைக் குட்டி, மூஞ்சூறு எல்லாருக்கும் ஒரே வகுப்பு. டீச்சர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவில் கேள்வி கேட்டால் வெளியே நிற்க வேண்டியதுதான்.

மூஞ்சூறுக்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால் அது ஓயாமல் கேள்வி கேட்கும். பாதி நாள் வெளியேதான் நிற்கும். ஆமைக் குட்டியோ எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். மற்றவர்கள் பாடத்தை முடிக்கும்போது அது முதல் வரியைத் தாண்டியிருக்காது.

ஒரு நாள் காலை வகுப்புக்கு வந்த டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரையின் ஈர மண்ணில் யாரோ எழுதியிருந்தார்கள்.

"காட்டில் தீ வருகிறது! குட்டிகள் மட்டும் உடனே பாறைக் குகைக்கு வரவும். இடம் குறைவு. அம்மாக்களிடம் சொல்ல வேண்டாம். இப்படிக்கு, உங்கள் நலம் விரும்பி."

பழக்கதோஷத்தில் டீச்சர் அதில் பிழை தேடினாள். ஒன்றுகூட இல்லை! எழுத்து முத்து முத்தாக இருந்தது. இவ்வளவு நன்றாக எழுதத் தெரிந்தவர் பொய்யா சொல்லப்போகிறார் என்று நினைத்தாள், பாவம்.

"வரிசையா நில்லுங்க! சத்தம் போடாம நடங்க!" என்றாள்.

"டீச்சர், இதை யாரு எழுதினாங்க?" என்று மூஞ்சூறு மூக்கை உறிஞ்சியபடி கேட்டது.

"அதான் நலம் விரும்பின்னு போட்டிருக்கே! வாயை மூடிக்கிட்டு வா!"

பாறைக்குப் போகும் வழியில் மரங்கள் அடர்ந்து இருட்டாக இருந்தது. சருகு சலசலத்தாலே தீ வந்துவிட்டதோ என்று எல்லாரும் நடுங்கினார்கள். மான் குட்டி விசும்ப ஆரம்பித்தது. ஆமைக் குட்டி வெகுதூரம் பின்தங்கிவிட்டது. ஒரு பிள்ளையைக்கூட விட்டுவிட்டுப் போக டீச்சருக்கு மனசு வரவில்லை.

"சீக்கிரம் வாடா! தீ வந்துரும்டா!"

"நான் இன்னும் அந்த அறிவிப்பையே நினைச்சுக்கிட்டிருக்கேன், டீச்சர். குகைக்கு வரச் சொல்லியிருக்கு. எப்பத் திரும்பிப் போகலாம்னு எழுதவே இல்லையே?"

டீச்சர் சட்டென்று நின்றாள். அதற்குள் குகை கண்ணுக்குத் தெரிந்தது.

"டீச்சர்!" என்று மூஞ்சூறு கிசுகிசுத்தது. "புகை வாசமே இல்ல. ஆனா அந்த எழுத்துக்கிட்ட ஒரு வாடை அடிச்சுதே, அதே வாடை இங்கயும் அடிக்குது!"

அப்போதுதான் தனக்குச் சிறகு இருப்பது டீச்சருக்கு ஞாபகம் வந்தது. மர உச்சிக்குப் பறந்து பார்த்தாள். எந்தப் பக்கமும் துளிப் புகை இல்லை. கீழே குனிந்தாள். குகை இருட்டுக்குள் இரண்டு பச்சைக் கண்கள் மின்னின.

காட்டுப்பூனை!

டீச்சர் அவசரமாக யோசித்தாள். ஓடச் சொன்னால் முயல்கள் தப்பிக்கும், ஆமை மாட்டிக்கொள்ளும். கூட்டிக்கொண்டு வந்தது தான்தானே என்று நினைத்தபோது அழுகை முட்டியது. அதை அடக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக வகுப்பைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"பிள்ளைங்களா, மெதுவாச் சொல்லுங்க. உள்ள இருக்கிறது காட்டுப்பூனை. அதை எழுதினதும் அதுதான். அதுக்கு எதைக் கண்டா பயம்?"

"அம்மாங்களைக் கண்டா!" என்றது பன்றிக் குட்டி. "அவங்ககிட்டதானே சொல்ல வேண்டாம்னு எழுதியிருக்கு!"

மைனாவுக்கு எந்தக் குரலும் வரும். அதிலும் பன்றிக் குட்டியின் அம்மா, பள்ளிக்கூடத்துக்கு வந்து சண்டை போடாத வாரமே கிடையாது. அவள் உறுமலை டீச்சர் அப்படியே தொண்டை கிழிய உறுமினாள். பிள்ளைகள் தரை அதிரக் குதித்தார்கள்.

"ஐயோ, தாய்ப்பன்றி!" என்று காட்டுப்பூனை அலறியது. குகையை விட்டுப் பாய்ந்து, பாறைமேல் ஏறி, திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

ஆமையின் நடைக்கு நடந்து எல்லாரும் வீடு திரும்பினார்கள்.

மறுநாள் மூஞ்சூறு வழக்கம்போல வெளியே போய் நின்றது.

"அங்க என்ன வேலை? உள்ள வா!" என்றாள் டீச்சர். "இன்னைக்குப் பாடத்தை நான் படிக்கிறேன். நீ கேள்வி கேளு!"

பிழையில்லாமல் எழுதியிருப்பதெல்லாம் உண்மையாகிவிடாது. எழுதியவர் யார், எதை மறைக்கிறார் என்று கேட்டுப் படிப்பதே படிப்பு.