மந்திரவாதி வேஷம் போட்ட பிளாஸ்க்

குன்னூர்ல மத்தியானம் ரெண்டு மணிக்கே மேகம் கீழ இறங்கிடும். அன்னைக்கும் இறங்குச்சு. பேக்கரி மாடியில இருந்த அறைக்குள்ள ஜன்னல் வழியா வந்து, நாற்காலிக் காலைச் சுத்திக்கிட்டு, இருக்கலாமா போகலாமான்னு யோசிச்சுக்கிட்டு நின்னுச்சு.

அதுக்குப் பின்னாலயே திருமேனி வந்தார். கக்கத்துல ஒரு தடி நோட்டு.

திருமேனிக்கு வயசு ஐம்பத்தொண்ணு. சர்வேயர் உத்தியோகம். அவரோட குரு மெர்சலினுக்கு முப்பத்துமூணுதான். பல் ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்கிற வேலை, வியாழக்கிழமை லீவு. இந்த மாடி அறை அவங்களோடதுதான். "குருவே"ன்னு அவர் முதல்ல கிண்டலுக்குத்தான் கூப்பிட்டார். அப்புறம் அது நாக்குல ஒட்டிக்கிச்சு.

அப்படி என்ன வித்தைன்னு கேக்கறீங்களா? ஆட்டம். நாலஞ்சு பேரு மேசையைச் சுத்தி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கிட்டு, வாயாலயே ஒரு உலகத்தை உண்டாக்கி ஆடற ஆட்டம். ஒருத்தர் கதை நடத்துவார். மத்தவங்க, "நான் இதைச் செய்யறேன்"ம்பாங்க. அது பலிச்சுதா இல்லையான்னு இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். ஞாயித்துக்கிழமையானா திருமேனி வீட்டுல அந்த ஆட்டம். நடத்தறது அவர்தான்.

நோட்டைப் பிரிச்சார்.

"குருவே, மந்திரவாதி தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டு நெருப்பு மந்திரம் போட்டா எரியுமா?"

"வாயைத் திறந்துதானே மந்திரம் சொல்லணும்? தண்ணி குடிச்சிடுவாரே சார்."

எழுதிக்கிட்டார்.

"குள்ளன் குதிரையில ஏறினா, அவனை உயரமானவன்னு எடுத்துக்கலாமா?"

"குதிரையைக் கேட்டுப் பாருங்க."

அதையும் எழுதிக்கிட்டார். எழுதி முடிச்சு, பேனா மூடியைக் கொஞ்ச நேரம் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு, நோட்டை மூடினார்.

"மாசி இனிமே வரமாட்டானாம்."

மாசிலாமணி அவரோட கூடப்பிறந்த தம்பி. ஆறு வருஷமா ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அம்மாவோட ஆபரேஷனுக்கு அண்ணன் தம்பியை ஒரு வார்த்தை கேக்காம கையெழுத்துப் போட்டுட்டார். அம்மா எழுந்து நடமாடறாங்க. இவங்க ரெண்டு பேரும்தான் இன்னும் தேறல. ரெண்டு பேருக்கும் சிநேகிதனான லோகுதான் மாசியை ஆட்டத்துக்கு இழுத்துக்கிட்டு வந்தது. லோகு மந்திரவாதி. மாசி வாள்வீரன். அந்த மேசையில மட்டும் அண்ணனும் தம்பியும் பேசிக்கிட்டாங்க.

"என்ன சொன்னார்?"

"'மந்திரவாதி ஒரு சொடக்குப் போட்டா நூறு பேர் சாம்பல். அங்க எனக்கென்ன வேலை?'ன்னு லோகுகிட்ட சொன்னானாம். நானும் என்னென்னவோ பண்ணிட்டேன் குருவே. மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு மூணு மந்திரம்தான்னு வச்சேன். நெருப்பைப் பாதியாக் குறைச்சேன். மாசியோட வாளுக்கு ரெண்டு புள்ளி கூட்டினேன், கவசத்துக்கு மூணு. மொத்தம் நாப்பத்தேழு திருத்தம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவன் மூஞ்சி இன்னும் கொஞ்சம் சுருங்குது."

"சரி."

"இந்த ஞாயித்துக்கிழமை அவன் வரலைன்னா, அப்புறம் எங்களுக்குள்ள ஒண்ணுமே இல்ல. மந்திரவாதியையும் வாள்வீரனையும் சமமாக்கணும். எந்த விதியை மாத்தறது?"

மெர்சலின் எழுந்து போய் டீ பிளாஸ்க்கோட ஒரு காகிதம், பேனா, பகடை எல்லாம் எடுத்துக்கிட்டு வந்தாங்க. பிளாஸ்க்கோட மூடியைத் திறந்து, அதை எதிர் நாற்காலியில வச்சாங்க. ஆவி மெதுவா எழும்பி மேகத்தோட கலந்துச்சு.

"இவர் மந்திரவாதி. நீங்க வாள்வீரன். ஆடுவோம்."

"பிளாஸ்க்கா?"

"மரியாதையாப் பேசுங்க. பெரிய மந்திரவாதி."

மெர்சலின் குரலைத் தாழ்த்தினாங்க. அறை மங்கிச்சு.

"உப்பு மலை. மலைக்குள்ள ஒரு நகரம். ஆயிரம் வருஷமாத் தூங்குது. அங்க தூங்கறவங்க விடற மூச்சுதான் காத்து. தெருவெல்லாம் அவங்க கனவு முழங்கால் அளவு தேங்கி நிக்குது. நடந்தீங்கன்னா கால்ல யாரோட கல்யாணமோ தட்டுப்படும். வாசல்ல ஒரு காவல்காரன். கல்லு உடம்பு. அவன் ஒருத்தன்தான் இன்னும் தூங்கல."

திருமேனி தன்னையறியாம காலை நாற்காலி மேல தூக்கி வச்சுக்கிட்டார்.

மெர்சலின் பிளாஸ்க் பக்கம் சாய்ஞ்சாங்க. "ஐயா, காவல்காரன் உங்களையே பாக்கறான். என்ன செய்யப் போறீங்க?"

காத்திருந்தாங்க. ஆவி ஒரு சுருள் விட்டுச்சு.

"அடடா. தாலாட்டா? எங்க கத்துக்கிட்டீங்க அதை? பாடுங்க, பாடுங்க... ஆமா, அவனோட ஒரு கண்ணு சொருகுது."

அப்புறம் திருமேனி பக்கம் திரும்பினாங்க. திரும்பினாங்கன்னு சொல்றதுகூடத் தப்பு. பார்வை காகிதத்துல இருந்துச்சு.

"எவ்வளவு?"

"என்ன எவ்வளவு?"

"பகடை சார், பகடை."

உருட்டினார். "பதினாலு."

"பட்டுது. சேதம் ஆறு." எழுதிட்டு மறுபடியும் பிளாஸ்க்கைப் பாத்தாங்க. "ஐயா, அந்த இன்னொரு கண்ணுல என்ன தெரியுது உங்களுக்கு? பயமா? யாரையாவது ஞாபகப்படுத்துதா?"

ஆவி சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டாங்க. ரெண்டு தடவை, "ஐயோ பாவமே"ன்னாங்க. அப்புறம்:

"எவ்வளவு?"

பகடை உருண்டு, சுத்தி, நின்னுச்சு. திருமேனி எழுந்தே நின்னுட்டார். "இருபது! குருவே, இருபது! இதுக்கு மேல நம்பரே கிடையாது!"

"இருபதா. சரி, பன்னெண்டு. காவல்காரன் விழுந்துட்டான்." எழுதினாங்க. "ஐயா, அவன் விழுந்ததும் நகரத்துல ஒவ்வொருத்தரா கனவு மாறித் தூங்கறாங்க. உங்க மனசுக்கு எப்படி இருக்கு?"

"அவனை விழ வச்சது நான்!"

"எழுதியிருக்கேனே சார்."

"இது அநியாயம். அந்த பிளாஸ்க்குக்குப் பலம் ஜாஸ்தி. குறைங்க!"

மெர்சலின் எழுந்தாங்க. ரெண்டு டம்ளர் எடுத்தாங்க. டீயை முழுக்க ஊத்தினாங்க. பிளாஸ்க்கைக் கவுத்து ரெண்டு தட்டுத் தட்டி, பழைய இடத்துலயே வச்சாங்க.

"குறைச்சாச்சு. சொட்டுக்கூட இல்ல. குடிச்சிட்டு வாங்க, ஆடுவோம்."

குடிச்சாங்க. கீழ பேக்கரியில வர்க்கி பிஸ்கட் வேகற வாசனை படி ஏறி வந்துச்சு. திருமேனி வாயைத் துடைச்சுக்கிட்டு, ஜெயிக்கப் போறவன் மாதிரி பகடையைக் கையில எடுத்தார்.

மெர்சலின் காலி பிளாஸ்க் பக்கம் சாய்ஞ்சாங்க. குரல் முன்னையவிட இளகியிருந்துச்சு.

"ஐயா, மந்திரமெல்லாம் போயிடுச்சே. வெறுங்கையா நிக்கிறீங்க. உள்ள என்ன ஓடுது? இப்ப என்ன செய்யப் போறீங்க?"

ஆவிகூட இல்ல. இருந்தாலும் காத்திருந்தாங்க. அவ்வளவு நேரம் யாரும் யாருக்காகவும் காத்திருந்து திருமேனி பாத்ததில்ல.

அப்புறம் காகிதத்தைப் பாத்தாங்க.

"எவ்வளவு?"

திருமேனி உருட்டல. மெர்சலினையே பாத்துக்கிட்டு இருந்தார். பேனா மூடி அவங்க பல்லுக்கு நடுவுல. இடது புருவம் மட்டும் மேல. கண்ணு எழும்பல. பேனா முனை, 'சீக்கிரம் சொல்லு, நேரமாகுது'ன்னு காகிதத்தைத் தட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்தப் புருவத்தை அவருக்குத் தெரியும். தினமும் கண்ணாடி முன்னால அதுக்குக் கீழதான் சவரம் பண்றார்.

"நான் அப்படியா இருக்கேன்?"

மெர்சலின் மூடியை வாயிலருந்து எடுத்து, துடைச்சு, பேனாவுக்குப் போட்டாங்க.

மேகம் ஜன்னலை முழுக்க மூடிடுச்சு. எதிர்ல இருந்த கோயில் கோபுரம் போச்சு, பஸ் ஸ்டாண்ட் போச்சு, குன்னூரே போச்சு. அந்த வெள்ளைக்குள்ள திருமேனி நோட்டைத் தள்ளி வச்சார். அப்புறம் பாக்கெட்டுலருந்து போனை எடுத்தார். ஆறு வருஷமா அழுத்தாத பேரு. அழுத்தினார்.

"என்ன?"

"மாசி, நான்தான்."

"தெரியுது. அம்மாவுக்கு ஏதாவது...?"

"இல்ல, இல்ல. நல்லாருக்காங்க."

"அப்ப நாப்பத்தெட்டாவது திருத்தமா?"

மெர்சலின் சிரிப்பை அடக்க இருமற மாதிரி இருமினாங்க.

திருமேனி கண்ணை மூடிக்கிட்டார். "ஒரு ஆறு, மாசி. அகலமான ஆறு. தண்ணி சத்தமில்லாமப் போகுது. மேல பூரா மூடுபனி. உன் ஆளு இந்தக் கரையில தனியா நிக்கிறான்."

"மந்திரவாதி எங்க?"

"இன்னும் வரல."

"எதிரி எத்தனை பேரு?"

"தெரியல. நீ என்ன செய்யற?"

"எந்தப் பகடை உருட்டணும்?"

"உருட்ட வேண்டாம்டா. என்ன செய்யறேன்னு கேட்டேன்."

போன்ல ஒரு குக்கர் விசில் அடிச்சுது. யாரோ ஏதோ கேட்டாங்க. "இரு, அண்ணன் பேசறான்"னு மாசி சொன்னது கேட்டுச்சு. கதவு ஒண்ணு சாத்திக்கிச்சு. அப்புறம் சத்தமே இல்ல.

திருமேனி காத்திருந்தார்.

"வாளைக் கீழ வைக்கிறேன்," மாசியோட குரல் மெதுவா வந்துச்சு. "கனம் ஜாஸ்தி. நீ வேற ரெண்டு கூட்டிட்ட."

"சரி."

"செருப்பைக் கழட்டறேன். தண்ணியில கால் வைக்கிறேன். சில்லுன்னு இருக்கா?"

"ரொம்ப."

"பரவால்ல. முழங்கால் வரைக்கும் இறங்கிட்டேன்." கொஞ்சம் இடைவெளி விட்டான். "அண்ணே, அந்தக் கரையில யாராவது நிக்கிறாங்களா?"

திருமேனி வாயைத் திறந்தார். நோட்டைப் புரட்டினார். மூடினார். உள்ளங்கையால போனைப் பொத்திக்கிட்டு, ரகசியமாக் கேட்டார்.

"குருவே, அந்தக் கரையில யாராவது நிக்கிறாங்களான்னு கேக்கறான். என்ன சொல்லட்டும்?"

"என்னைக் கேட்டா எனக்கென்ன சார் தெரியும்?" மெர்சலின் டம்ளர்களை எடுத்துக்கிட்டு எழுந்தாங்க. "நிக்கிறீங்களா, இல்லையா?"